வாலில் வரையும் சின்னம் யாருடையது? சிமுலேட்டர் லிவரி செய்யத் தொடங்குபவர்களுக்கு

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் வெறும் வெள்ளை விமானத்தை ஓட்ட மனசு வராது. சென்னையிலிருந்து மதுரைக்கு ஏ320 விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வால் கருநீலமாக இருக்க வேண்டும், அதில் புள்ளிகளால் ஆன இண்டிகோவின் அந்தக் குட்டி விமானம் தெரிய வேண்டும். அப்போதுதான் மீனம்பாக்கம் ஓடுபாதையில் நிற்கிற உணர்வு வரும். இந்த ஆசையில்தான் நம்மில் பலர் லிவரி வரையத் தொடங்குகிறோம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல இரவுகள் படம் வரையும் கிம்ப் மென்பொருளோடு உட்கார்ந்து ஒரு லிவரியை முடித்து, யாரும் எடுத்து மாற்றிப் பரப்பலாம் என்று ஜிபிஎல் என்ற உரிமத்தில் வெளியிடும் ஒரு திறமூலத் திட்டத்துக்கு அனுப்பினேன். வண்ணத்தைப் பற்றியோ கோடுகளைப் பற்றியோ யாரும் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வந்தது: "வாலில் இருக்கும் சின்னத்தை ஜிபிஎல் உரிமத்தில் கொடுக்க உங்களுக்கு யார் அனுமதி தந்தார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. கேள்வியே முழுதாகப் புரியவில்லை என்பதுதான் உண்மை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆன காலம் புதிதாக வருபவர்களுக்கு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. லிவரி செய்கிற ஒருவன், இன்னொருவருக்குச் சொல்வது போலத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் சம்பந்தப்பட்டால் வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

முதலில் லிவரி என்றால் என்ன என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் முப்பரிமாண உருவத்தின் மேல் போர்த்துகிற படம்தான் லிவரி. பெரும்பாலும் 2048க்கு 2048 அல்லது 4096க்கு 4096 பிக்சல் கொண்ட படக் கோப்பு. தையற்காரர் துணியை வெட்டி விரித்துப் போட்டது போல, விமானத்தின் உடல், இறக்கை, வால் எல்லாம் அதில் தட்டையாக விரிந்து கிடக்கும். அதன் மேல் நாம் வரைகிறோம். திறமூல சிமுலேட்டரான பிளைட்கியரில் இந்தப் படத்தோடு ஒரு சிறு அமைப்புக் கோப்பு போகும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் அதையே ஒரு கோப்புறையாகக் கட்டி 'கம்யூனிட்டி' என்ற கோப்புறைக்குள் போடுவார்கள். செய்முறை அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் அந்தப் படத்துக்குள் நாம் எதை ஒட்டுகிறோம் என்பதில்தான்.

ஒரு சின்னம், இரண்டு பூட்டு

விமான நிறுவனத்தின் சின்னத்துக்கு இரண்டு வெவ்வேறு சட்டப் பாதுகாப்புகள் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நானும் குழம்பினேன்.

முதலாவது பதிப்புரிமை. சின்னம் ஒரு ஓவியம். அதை யாரோ வரைந்திருக்கிறார்கள். ஒரு கவிதையை அனுமதியில்லாமல் அச்சடிக்கக்கூடாது என்பது போலவே அந்த ஓவியத்தையும் அனுமதியில்லாமல் படியெடுத்துப் பரப்பக்கூடாது. இந்தியாவில் இது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது. (தமிழில் இதைக் 'காப்புரிமை' என்றும் எழுதுகிறார்கள். கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்டுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துவதால் நான் தவிர்க்கிறேன்.)

இரண்டாவது டிரேட்மார்க், அதாவது வணிகக் குறி. இதற்கு ஓவியத்தின் அழகைப் பற்றிக் கவலையில்லை. அந்தக் குறியைப் பார்த்து ஒருவர் "இது அந்தக் கம்பெனியின் பொருள்" என்று நம்புகிறாரே, அந்த நம்பிக்கையைத்தான் இது காக்கிறது. இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம். பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரித்து, எந்த வகுப்பில் குறி வேண்டுமோ அதில் பதிவு செய்வார்கள். போக்குவரத்து 39ஆம் வகுப்பு, பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் 28, மென்பொருள் 9.

ஒரே படம் இரண்டு பாதுகாப்பையும் பெற முடியும் என்பதை நம் சட்டமே ஒத்துக்கொள்கிறது. ஒரு லோகோவைப் பதிப்புரிமைப் பதிவுக்குக் கொண்டுபோனால், இதே போன்ற குறி வேறு யார் பெயரிலும் பதிவாகவில்லை என்று வணிகக் குறிப் பதிவாளரிடம் சான்றிதழ் வாங்கி இணைக்கச் சொல்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு.

இரண்டுக்கும் ஆயுள் வேறு. பதிப்புரிமை ஒருநாள் முடிந்துவிடும். வணிகக் குறியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தால் முடிவே கிடையாது. லுஃப்தான்சாவின் கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டோ ஃபிர்லே என்ற ஜெர்மானியர் 1918இல் வரைந்தது. நூறாண்டு தாண்டிய படம் என்பதால் பொதுச்சொத்தாகியிருக்கும் என்று தோன்றும். ஆனால் ஃபிர்லே இறந்தது 1966இல். ஜெர்மனியில் படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அப்படியானால் 2036 முடிய வேண்டும். அதற்குப் பிறகும் வணிகக் குறி அப்படியே இருக்கும்.

எழுத்து மட்டும் இருந்தால்?

எல்லா லோகோவுக்கும் பதிப்புரிமை கிடைப்பதில்லை. இது நமக்கு நல்ல சேதி, ஆனால் நாட்டுக்கு நாடு மாறுகிற சேதி.

அமெரிக்காவில் வெறும் பெயர், சாதாரண எழுத்துரு, எளிய வடிவங்கள் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்களின் பக்கவாட்டில் 1967இலிருந்து பல பத்தாண்டுகள் இருந்த 'அமெரிக்கன்' என்ற எழுத்து, மாசிமோ விக்னெல்லி ஹெல்வெட்டிகா எழுத்துருவில் அமைத்தது. அந்தச் சொல்லை மட்டும் வரைவதில் அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமைத் தடை ஏதும் இல்லை என்றே சொல்லலாம். 2013இல் அதே நிறுவனம் சின்னத்தை மாற்றியது. சிவப்பும் நீலமும் கலந்த, கழுகின் தலை போன்ற சாய்ந்த வடிவம் வந்தது. அதைப் பதிவு செய்யப் போனபோது, போதுமான படைப்புத்தன்மை இல்லை என்று பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நிறுவனம் விடவில்லை. 2018இல் வழக்குப் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அலுவலகம் மனதை மாற்றிக்கொண்டு பதிவு செய்துகொடுத்தது. எளிமையான வடிவம்தானே என்று நாம் நினைப்பதையும், அதை வைத்திருப்பவர் நீதிமன்றம் வரை கொண்டுபோகத் தயாராக இருப்பதையும் இந்த ஒரு வழக்கிலேயே பார்க்கலாம்.

இங்கிலாந்தில் பதிப்புரிமை கிடைப்பதற்கான வாசல்படி இன்னும் தாழ்வு. அங்கே 2011இல் ஒரு விளையாட்டு இதழின் 'எட்ஜ்' என்ற லோகோவைப் பற்றி வழக்கு வந்தது. ஏற்கனவே இருந்த எழுத்துருவை இழுத்து நீட்டி, ஒரு எழுத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். அதற்கே பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பானது. அமெரிக்காவில் இருக்கும் நண்பர் "வெறும் எழுத்துதானே, போடு" என்றால் அது அவர் ஊருக்குச் சரி. பதிவிறக்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் மூன்று தவறுகளைச் சொல்லிவிட வேண்டும். "நானே முதலிலிருந்து வரைந்தேன், காப்பி அடிக்கவில்லை" என்பார்கள். அசலைப் பார்த்து அச்சு அசலாக வரைந்தால் அதுவும் படியெடுத்தல்தான். "விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தேன்" என்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள பல லோகோக்கள் அந்தக் கட்டுரைக்காக மட்டும், நியாயப் பயன்பாடு (சில தேவைகளுக்கு அனுமதியில்லாமலே பயன்படுத்த விடும் சட்ட விதிவிலக்கு) என்ற அடிப்படையில் வைக்கப்பட்டவை. அந்த நியாயம் நம் லிவரிக்குக் கூடவே வராது. விக்கிமீடியா காமன்ஸில் எளிய எழுத்து லோகோக்கள் கட்டற்றவையாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றபடி இருக்கும். அங்கேயும் 'இது வணிகக் குறியாக இருக்கலாம்' என்ற எச்சரிக்கை கீழே இருக்கும், கண்டிப்பாகப் படியுங்கள். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது: விமானப் புகைப்படக்காரர்களின் படத்திலிருந்து வாலை வெட்டி அப்படியே ஒட்டுவது. வெயிலில் வேலி ஓரம் மணிக்கணக்கில் நின்று அவர் எடுத்த படம் அது. அப்போது லோகோவின் பதிப்புரிமையோடு புகைப்படத்தின் பதிப்புரிமையும் சேர்ந்துகொள்கிறது. முதலாவதற்கு ஏதாவது வாதம் இருந்தாலும் இரண்டாவதற்கு எதுவும் கிடையாது.

லோகோ மட்டும்தான் ஓவியம் என்றும் நினைக்க வேண்டாம். 1971இல் வந்த ஏர் இந்தியாவின் 747களில் ஒவ்வொரு ஜன்னலையும் சுற்றி அரண்மனை மாடங்களைப் போலச் சிவப்பு வளைவுகள் வரைந்திருந்தார்கள். அந்த வளைவுகளின் வரிசையும் ஒரு படைப்புதான். மாறாக, வெள்ளை உடலில் ஒரு நீலக் கோடு இருந்தால் அதை யாரும் தன் ஓவியம் என்று சொல்லிக்கொள்வது கடினம்.

ஜிபிஎல் கேட்கும் கேள்வி

இனி எனக்கு வந்த கேள்விக்கு வருகிறேன்.

பிளைட்கியர் 1996இல் முன்மொழியப்பட்டு, அடுத்த ஆண்டு நிரலாக்கம் தொடங்கிய திறமூல சிமுலேட்டர். அதன் நிரலும், அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் உள்ள விமானங்களும் ஜிபிஎல் உரிமத்தில் வருகின்றன. ஜிபிஎல் சொல்வதை எளிமையாகச் சொன்னால் இப்படி: இதை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பரப்பலாம், விற்கவும் செய்யலாம், வாங்குபவருக்கும் அதே சுதந்திரங்களைக் கொடுக்க வேண்டும், நடுவில் நீங்கள் புதிதாகக் கட்டுப்பாடு எதுவும் போடக்கூடாது.

விற்கலாம் என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. பிளைட்கியரை வேறு பெயர்களில் இணையத்தில் காசுக்கு விற்றவர்கள் உண்டு. உரிமத்தின் நிபந்தனைகளை மதித்தால் விற்பதே தப்பு என்று சொல்ல முடியாது. அப்படியானால் நான் இலவசமாகக் கொடுத்த லிவரி நாளை ஒருவர் காசுக்கு விற்கும் பெட்டிக்குள் உட்காரலாம். வாலில் இருக்கும் சின்னமும் கூடவே உட்காரும்.

நான் ஒரு கோப்பை ஜிபிஎல்லில் கொடுக்கிறேன் என்றால், "இதில் உள்ள எல்லாவற்றையும் மாற்றவும் விற்கவும் உங்களுக்கு அனுமதி தருகிறேன்" என்று உலகத்துக்கே எழுதிக்கொடுக்கிறேன். வண்ணம் என்னுடையது, கொடுக்கலாம். கதவுகளின் கோடு, துருப்பிடித்த கறை எல்லாம் நான் வரைந்தது, கொடுக்கலாம். சின்னம் விமான நிறுவனத்துடையது. பக்கத்து வீட்டுச் சாவியை நான் எப்படி இன்னொருவர் கையில் கொடுப்பது?

அடுத்து எல்லோரும் சொல்வது: "சரி, அந்த நிறுவனத்திடம் ஒரு மின்னஞ்சல் போட்டு அனுமதி வாங்கிவிடலாமே." நல்ல யோசனை. ஆனால் என்ன கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "உங்கள் ரசிகன், என் சிமுலேட்டரில் உங்கள் விமானத்தை வரைந்திருக்கிறேன், பயன்படுத்தலாமா?" என்று கேட்டால் ஒரு நல்ல மனிதர் "தாராளமாக" என்று பதில் போடலாம். அந்தப் பதில் உங்களுக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு மூன்றாவது ஆள் ஒருவருக்கு, சின்னத்தை மாற்றி விற்கும் உரிமையைக் கொடுக்க முடியாது. ஜிபிஎல்லுக்கு வேண்டியது அதுதான். அதையே நேராகக் கேட்டால், அதாவது "உங்கள் சின்னத்தை உலகில் யாரும் திருத்தி விற்கலாம் என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டால், எந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவும் கையெழுத்துப் போடாது. அவர்கள் வேலையே அதைத் தடுப்பதுதான்.

இதே முட்டுச்சந்தில் பெரிய திட்டங்களும் நின்றிருக்கின்றன. டெபியன் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம் தன் விதிகளின்படி கட்டற்ற பொருள்களை மட்டுமே சேர்க்கும். ஃபயர்பாக்ஸ் உலாவியின் நிரல் கட்டற்றது, ஆனால் அதன் லோகோ அன்றைக்கு அப்படியில்லை. லோகோ இல்லாமல் ஃபயர்பாக்ஸ் என்ற பெயரை மட்டும் பயன்படுத்த, அதை உருவாக்கும் மொசில்லா ஒப்பவில்லை. கடைசியில் 2006இல் டெபியன் அதே உலாவியை 'ஐஸ்வீசல்' என்ற வேறு பெயரில், வேறு படத்தோடு வெளியிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் பழைய பெயர் திரும்பி வந்தது. ஒரு படத்துக்காகப் பத்து ஆண்டுகள்! களஞ்சியத்தைப் பராமரிப்பவர்கள் லோகோ விஷயத்தில் பிடிவாதமாக இருப்பதைப் பார்த்து எனக்கு முதலில் கோபம் வந்தது. இந்தக் கதையைப் படித்த பிறகு அவர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது. சந்தேகமான ஒரு கோப்பு உள்ளே போனால், அதை நம்பி எடுத்துப் போகும் அத்தனை பேரின் தலையிலும் அந்தச் சிக்கலைக் கட்டிவிடுகிறோம்.

படைப்புகளைப் பகிர்வதற்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்களுக்கு: அதன் 4.0 பதிப்பு வணிகக் குறி உரிமைகள் எதையும் தான் கொடுக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பதிப்புரிமையிலோ அதே பழைய கதைதான், உங்களிடம் இல்லாததைக் கொடுக்க முடியாது. 'வணிக நோக்கமற்றது' என்ற நிபந்தனை கொண்ட வகையைப் போட்டால் அது ஜிபிஎல்லோடு ஒட்டவே ஒட்டாது.

உண்மையைக் காட்டுவது தப்பா?

இரண்டாவது பூட்டான வணிகக் குறிக்கு வருவோம். இங்கே லிவரி செய்பவர்களுக்கு நியாயமான ஒரு வாதம் இருக்கிறது. நிஜ விமானத்தில் அந்தச் சின்னம் இருக்கிறது. அதை அப்படியே காட்டுகிறேன். நான் விமான நிறுவனம் நடத்தவில்லை, இதைப் பார்த்து யாரும் டிக்கெட் எடுக்கப் போவதில்லை.

இந்த வாதத்தைச் சோதித்த மிக அழகான வழக்கு ஒரு பொம்மைக் கார் வழக்கு. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஆட்டெக் நிறுவனம் ஓப்பல் ஆஸ்ட்ரா காரை 1:24 அளவில் ரிமோட் காராகச் செய்து விற்றது. நிஜக் காரில் இருப்பது போலவே முன்பக்கக் கிரில்லில் ஓப்பலின் மின்னல் சின்னம். ஓப்பல் தன் சின்னத்தைப் பொம்மைகளுக்கும் பதிவு செய்து வைத்திருந்தது, ஆகவே வழக்குப் போட்டது. விஷயம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போய், 2007 ஜனவரியில் பதில் வந்தது: சின்னத்தின் வேலைக்கு, அதாவது பொருள் யாரிடமிருந்து வருகிறது என்று காட்டும் அதன் பணிக்குப் பாதிப்பு வருகிறதா என்று உள்நாட்டு நீதிமன்றம் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2010இல் முடித்துவைத்தது. பொம்மைக் காரின் மேல் மின்னலைப் பார்க்கும் ஒருவர் அதை நிஜக் காரின் ஒரு பகுதியாகத்தான் பார்க்கிறார், பொம்மையைச் செய்தது ஓப்பல் என்று நினைப்பதில்லை, எனவே மீறல் இல்லை.

நம் லிவரிக்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆட்டெக் தன் பொம்மை எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்கவில்லை. அதன் சொந்தக் குறி ரிமோட்டிலேயே தெரிந்தது. இந்த நேர்மைதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது.

அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளைச் சுற்றி இதே கேள்வி எழுந்தது. கால் ஆஃப் டூட்டி விளையாட்டில் வந்த ஹம்வீ இராணுவ வாகனத்துக்காக, அதைத் தயாரிக்கும் ஏஎம் ஜெனரல் வழக்குப் போட்டது. 2020இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், யதார்த்தமாகக் காட்டுவதே ஒரு கலை நோக்கம் என்று ஏற்று விளையாட்டு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அதற்கு முன், 2012இல், பேட்டில்ஃபீல்ட் 3 விளையாட்டில் வந்த பெல் ஹெலிகாப்டர்கள் பற்றிய வழக்கில், ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்தார். அது பிறகு சமரசத்தில் முடிந்தது. அத்தனை வழக்கறிஞர்கள் இருக்கும் நிறுவனங்களே சமரசம் செய்துகொள்ளும்போது, ஓய்வு நேரத்தில் லிவரி வரையும் நாம் வழக்கில் ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில் ஒன்றைச் செய்யக்கூடாது.

காட்டுவதற்கும் பெயராக வைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இன்னும் கூர்மையானது. ஜாக் டேனியல்ஸ் விஸ்கி பாட்டிலைப் போன்ற ஒரு நாய்ப் பொம்மை பற்றிய வழக்கு. மற்றவர் குறியை உன் பொருளுக்கே அடையாளமாக வைத்தால் கலை என்ற சிறப்புப் பாதுகாப்பு உனக்கு வராது என்றது நீதிமன்றம். நம் உலகில் இதற்கு நேரான உதாரணம் மெய்நிகர் விமான நிறுவனங்கள். வாட்சிம், ஐவிஏஓ போன்ற, சிமுலேட்டர் ஓட்டுபவர்களை இணையத்தில் இணைக்கும் வலையமைப்புகளில் பறப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒரு நிஜ நிறுவனத்தின் பெயரையும் லோகோவையும் அப்படியே வைத்துத் தளம் தொடங்கி, ஆள் சேர்ப்பார்கள். லிவரியில் சின்னம் இருப்பது ஒரு காட்சி. தளத்தின் முகப்பில் இருப்பது பெயர்ப்பலகை. இரண்டாவதில் ஆபத்து பல மடங்கு. நிஜ நிறுவனம் ஏதோ நடத்துகிறது என்று ஒரு புதியவர் நம்ப வாய்ப்பு இருக்கிறது அல்லவா?

இலவசம்தானே என்ற நம்பிக்கை

இதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். பதிப்புரிமையில் இலவசம் என்பது ஒரு மன்னிப்பே அல்ல. நியாயப் பயன்பாட்டை எடைபோடும்போது கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான். வணிகக் குறியில் இந்தியச் சட்டம் 'வணிகத்தின் போக்கில்' பயன்படுத்துவதைப் பற்றிப் பேசுவதால் நம்பிக்கைக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 2001இல் வந்த ஒரு தீர்ப்பைப் பாருங்கள். கூல்மெயில் என்ற சிறு மென்பொருளை ஒருவர் ஜிபிஎல் உரிமத்தில் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார். காசு வாங்கவில்லை என்றாலும் அது வணிகப் பயன்பாடுதான் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அந்த வழக்கில் அது, மென்பொருளின் பெயருக்கு வணிகக் குறி உரிமை கோரிய தரப்புக்கு உதவியது. அதே தர்க்கம் நமக்கு எதிராகவும் திரும்பும்.

மூடிப்போன நிறுவனங்களைப் பற்றியும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. பான் ஆம் 1991 டிசம்பர் 4ஆம் தேதி பறப்பதை நிறுத்தியது. ஆனால் அந்தப் பெயரும் நீல உருண்டையும் கைமாறி, அதே பெயரில் பிறகு வேறு நிறுவனங்கள் பறந்தன. கிங்ஃபிஷர் விமானங்கள் 2012இல் நின்றுவிட்டன. அந்த மீன்கொத்தி இன்றும் பீர் பாட்டிலில் உயிரோடு இருக்கிறது.

ஒரு சின்னம் மட்டும் முற்றிலும் வேறு கணக்கு. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் வரைபவர்கள் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்டுவிடுகிறார்கள். அது கம்பெனி லோகோ அல்ல, ஜெனீவா ஒப்பந்தங்கள் காக்கும் அடையாளம். போர்க்களத்தில் இதைச் சுடாதே என்று சொல்லும் குறி. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் தனிச் சட்டமே அதற்கு இருக்கிறது. நிஜமான செஞ்சிலுவைச் சங்க விமானத்தைச் சித்தரிப்பதாக இல்லாவிட்டால் தயவுசெய்து வேறு நிறம், வேறு வடிவம் போடுங்கள். இதில் மட்டும் நான் வாதமே செய்ய மாட்டேன்.

காக்பிட் கருவிகளில் இருக்கும் தயாரிப்பாளர் பெயர்கள், விமான நிலையக் காட்சியில் வரும் பெட்ரோல் பங்க் பலகைகள் எல்லாவற்றுக்கும் இதே இரண்டு பூட்டுதான். தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்

உங்கள் கணினியில், உங்களுக்காக மட்டும் வரைந்து ஓட்டுவதைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் இடம் கொடுக்கிறது. பகிரும்போதுதான் கேள்வி ஆரம்பிக்கிறது.

ஜிபிஎல் களஞ்சியத்துக்கு அனுப்புவதாக இருந்தால் லோகோ இல்லாமல் அனுப்புங்கள், அல்லது சொந்த நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். இது இரண்டாம்தர வழி அல்ல. மைக்ரோசாஃப்ட்டே 2006இல் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் ஆர்பிட், பசிபிகா, வேர்ல்ட் டிராவல் என்று கற்பனை நிறுவனங்களின் வண்ணங்களைத்தான் வைத்திருந்தது. அவற்றை இன்றும் பாசத்தோடு நினைவுகூர்பவர்கள் இருக்கிறார்கள். திருப்பி அனுப்பப்பட்ட என் லிவரியை நான் அப்படித்தான் மாற்றினேன். வாலில் இப்போது நானே வரைந்த ஒரு பனங்காடை சிறகு விரித்திருக்கிறது. கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன், யார் வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம்.

நிஜ லோகோவோடுதான் வேண்டும் என்றால் அதைத் தனித் தொகுப்பாக வெளியே வையுங்கள், திட்டத்துக்குள் சேர்க்காதீர்கள். தனியாக வைப்பதால் அது சட்டப்படி சுத்தமாகிவிடாது. ஆபத்து உங்களோடு நிற்கும், மற்றவர்களிடம் போகாது, அவ்வளவுதான். காசு வாங்காதீர்கள், நன்கொடைப் பொத்தானும் வேண்டாம். முன்னோட்டப் படத்தில் லோகோவைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் போல ஆக்காதீர்கள். விமானத்தின் மேல் அது இருக்கிற அளவில் இருந்தால் போதும். தொகுப்போடு வைக்கும் விளக்கக் குறிப்பான ரீட்மீ கோப்பில் தமிழிலோ ஆங்கிலத்திலோ நேராக எழுதுங்கள்: வண்ணமும் மற்ற வேலைகளும் என்னுடையவை, இன்ன உரிமத்தில் தருகிறேன், பெயரும் சின்னமும் அந்த நிறுவனத்துடையவை, அவற்றுக்கு நான் உரிமம் தரவில்லை, அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த மூன்று வரி வழக்கிலிருந்து காப்பாற்றும் கவசம் அல்ல. பதிவிறக்குபவர் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

வரையும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். லோகோவையும் நிறுவனத்தின் பெயரையும் எப்போதும் தனி அடுக்கில் (லேயரில்) வையுங்கள், மற்ற எதோடும் கலக்காதீர்கள். என்றாவது ஒருநாள் நிறுவனத்திடமிருந்து "நீக்குங்கள்" என்று கடிதம் வந்தால் அன்றைக்கே இறக்கிவிட்டு, இறக்கிவிட்டேன் என்று இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் போடுங்கள். பிறகு கிம்ப்பைத் திறந்து அந்த அடுக்கின் பக்கத்தில் இருக்கும் கண் குறியை மட்டும் அணைத்து அதை மறையுங்கள். கோடுகள், கதவுகள், எண்ணெய்க் கறை, வெயிலில் மங்கிய வண்ணம் எல்லாம் அப்படியே இருக்கும். அதே இரவில் வெள்ளை வாலோடு மறுபடியும் ஏற்றிவிடலாம்.